புது அணிக்கு எந்த இடம்?

போன கிழமை ஷர்மிளா தொலைபேசியில் அழைத்தாள். நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கிற கோயம்புத்தூர்ப் பெண். கெட்டிக்காரி. "அங்கிள், சங்கத்தோட சாவனியர் மலருக்கு நீங்க ஒரு அரைப் பக்கம் எழுதித் தரணும். பழைய அனுபவம், கொஞ்சம் ஜாலியா, ப்ளீஸ்" என்றாள்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஓய்வுபெற்ற இந்த மூன்று வருடத்தில் சங்கத்திலிருந்து எனக்கு வந்தவை இரண்டு கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டைகள். திடீரென்று என் அனுபவம் இவர்களுக்கு எதற்கு? இரண்டு கேள்வி கேட்டதும் விஷயம் வெளியில் வந்தது. வருகிற பருவத்திலிருந்து வாக்குகள் கிடையாது. கணினி மட்டுமே அணிகளை வரிசைப்படுத்தப் போகிறது. அதுவும் வெளிக் கம்பெனி ஒன்றிடம் வாங்கிய புது நிரல். பழைய ஆள் ஒருவர் "நல்லது, நல்லது" என்று தலையாட்டினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்குப் போடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடம் அதுதான் என் வேலை.

எழுதுகிறேன். ஆனால் அரைப் பக்கத்தில் அடங்காது, ஜாலியாகவும் இராது.

தெரியாதவர்களுக்காக முதலில் வேலையைச் சொல்கிறேன். மெல்பேர்ணைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கிடையே ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்போல், நடத்துகிற சங்கம் எங்களுடையது. ஆண்கள் பிரிவில் பதினாறு அணி, பெண்கள் பிரிவில் பதினாறு அணி. குளிர்காலத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒன்பது மட்ச்தான். எல்லோரும் எல்லோரோடும் மோத வாரங்கள் போதாது. ஆகவே ஒரு அணி ஏழு மட்ச் வென்றது என்றால், யாரை வென்றது என்று கேட்க வேண்டியிருக்கும். நோஞ்சான்களை அடித்து எடுத்த ஏழும், பலசாலிகளை மடக்கி எடுத்த ஆறும் ஒன்றாகுமா? முதல் நாலு அணிக்குத்தான் இறுதிச் சுற்று. அந்த நாலைப் பிடிக்க, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலில் ஒரு காலத்தில் வைத்திருந்த மாதிரி ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள்: பாதி கணினி, பாதி மனிதர்.

மனிதர் என்றால் பன்னிரண்டு வாக்காளர். சில பயிற்சியாளர்கள், சில பழைய ஆட்டக்காரர், சில நடுவர்கள். ஒவ்வொரு கிழமையும் ஆளுக்கொரு பட்டியல், முதல் பத்து அணி. முதலாம் இடத்துக்குப் பத்துப் புள்ளி, பத்தாம் இடத்துக்கு ஒன்று. ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேரும் கொடுத்த புள்ளிகளில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் வெட்டிவிடுவோம், அன்பும் பகையும் ஓரளவு போகட்டும் என்று. கணினிக்கு அன்பு பகை இல்லை. யாரை யார் வென்றார், எங்கே வென்றார் என்று பார்த்துத் தன் புள்ளியைச் சொல்லும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்தக் கிழமையின் வரிசை. அந்தக் கணினி நிரலை எழுதியது நான். வாக்குகளை எண்ணியதும் நான்.

நான் அங்கே வந்து சேர்ந்த கதையை நீட்டமாட்டேன். மெல்பேர்ணுக்குப் பக்கத்தில் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம், பின்னேரங்களில் கணினி வகுப்பு, நாற்பத்திநாலு வயதில் சங்கத்து அலுவலகம். ஆனால் அதற்கு முந்திய ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மிச்சம் விளங்காது. யாழ்ப்பாணத்தில் நான் உயர்தரப் பரீட்சை எழுதின காலம், தரப்படுத்தல் காலம். பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும்போது எடுத்த புள்ளியை அப்படியே பார்க்கமாட்டார்கள். எந்த மொழியில் எழுதினாய், எந்த மாவட்டம் என்று பார்த்து ஒரு சூத்திரத்தால் கூட்டுவார்கள், குறைப்பார்கள். சில வருடம் முந்திப் பிறந்திருந்தால் என் புள்ளிக்கு எஞ்சினியரிங் கிடைத்திருக்கும். எனக்குக் கிடைக்கவில்லை. சோதனை எழுதி முடிந்த பிறகு கணக்கை மாற்றினார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். இந்தக் கதையை முன்பெல்லாம் நான் யாரைக் கண்டாலும் சொல்வேன். தொடங்கினவுடனே என் மனைவி பத்மா எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள்.

ஆகவே நான் சந்தேகப்பிராணியாகத்தான் அந்த வேலைக்குப் போனேன். போன முதல் வருடமே விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தேன்: பருவத்தின் முதல் மட்ச் தொடங்கிய பிறகு சூத்திரத்தில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது. சேர்த்தார்கள். இன்னொன்றும் செய்தேன், அது யாருக்கும் சொல்லாமல். நிரலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது எதற்காக என்று ஒரு குறிப்பு எழுதுவது வழக்கம், பின்னால் வருகிறவர்களுக்கு விளங்குவதற்காக. நான் அந்தக் குறிப்புகளையெல்லாம் தமிழில் எழுதினேன், இங்கிலீஷ் எழுத்தில். அலுவலகத்தில் வேறு தமிழர் இல்லை. யாரும் உள்ளே கை வைத்து, தங்களுக்கு வேண்டிய கல்லூரிக்கு அரைப்புள்ளி கூட்டிவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

என் மேலதிகாரி கிளென். முன்பு கணித ஆசிரியராக இருந்தவர். உயரமான, மெலிந்த மனிதர். குளிர்காலத்திலும் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்திருப்பார். திங்கட்கிழமை காலை பன்னிரண்டு பட்டியலையும் நான் அச்செடுத்து அவர் மேசையில் வைக்க வேண்டும். அவர் கோடு போடுகிற ஒரு மர அடிமட்டத்தை எடுத்து வாக்காளரின் பெயர் இருக்கும் இடத்தை மூடுவார். பிறகு மேலிருந்து கீழே மெதுவாக வாசிப்பார், நான் எழுதுவேன். வாசித்து முடிந்ததும் தாளைத் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கத்தில், அந்தக் கிழமை தான் நேரில் பார்த்த மட்ச் எது என்று வாக்காளர் எழுதியிருக்க வேண்டும். அது கிளென் போட்ட சட்டம். எழுதாவிட்டால் அடுத்த கிழமை அந்த ஆளுக்குப் போன் போகும். "நீங்கள் எந்த மட்ச் பார்த்தீர்கள்?" என்ற ஒரே கேள்விதான் கேட்பார். கோபமாகக் கேட்கமாட்டார். பதில் வரும்வரை ஒன்றும் பேசாமல் ஓர் அப்பிளைச் சிறிய கத்தியால் சீவிக்கொண்டிருப்பார். பெரிய பெரிய பயிற்சியாளர்களெல்லாம் அந்த மௌனத்தில் திக்கித் திணறியதை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன்.

வாக்காளர்களைப் பற்றி எழுதினால் அது தனிப் புத்தகம். தனக்குப் போட்டியான அணியைப் பத்தாம் இடத்தில் தள்ளுகிற பயிற்சியாளர், மூன்று கிழமை ஒரே பட்டியலைத் திகதி மட்டும் மாற்றி அனுப்பின பழைய கப்டன், இப்படிப் பலர். ஒருவர் வெளிநாடு போயிருந்தபோது அவருடைய மனைவி அவருக்குப் பதிலாக ஒரு பட்டியல் அனுப்பினார். அதை நாங்கள் தள்ளுபடி செய்தோம். ஆனால் கணவர் அனுப்பியவற்றைவிட அது எவ்வளவோ திறம்.

நான் பிடித்த ஆட்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிழக்குப் பக்கத்து மைதானம் ஒன்றில் முழு மட்சையும் பார்த்ததாக ஒருவர் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். அந்த மைதானத்தில் தண்ணீர் நின்றதால் காலையிலேயே மட்சை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றின கடிதத்தை அடித்தவனே நான்தான். கிளெனுக்கு அதைக் காட்டினேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்துப் பட்டியலின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல கண்" என்றார். பத்மாவிடம் அதைப் பலமுறை சொன்னேன். அதற்குப் பிறகு என் சந்தேகம் இன்னும் கொழுத்துவிட்டது. மனிதர் எல்லோரும் புளுகுவார்கள், கணினி ஒன்றுதான் அரிச்சந்திரன் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ட்ருகனினா விஷயம்.

நான் ஓய்வுபெறுவதற்கு மூன்று வருடம் முந்தி, பெண்கள் பிரிவில் ஓர் அணி விலக, அந்த இடத்துக்குப் புது அணி ஒன்று சேர்ந்தது. நகரத்தின் மேற்குக் கரையில், ட்ருகனினாவில் புதிதாகத் திறந்த ஒரு கல்லூரி. பெரிய பெரிய களஞ்சியக் கட்டடங்களும் நேற்றுக் கட்டி முடித்த வீடுகளும் உள்ள இடம். அணித் தலைவி ஆரணி என்று ஒரு தமிழ்ப் பிள்ளை. அவளுடைய தகப்பன் வசந்தனை எனக்குக் கோயிலில் தெரியும். அங்கே ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.

எட்டாவது கிழமை முடிய, வாக்குகளில் இந்த அணி மூன்றாம் இடம். கணினியில் ஏழாம் இடம். கூட்டிப் பார்த்தால் ஐந்து. இன்னும் ஒரு கிழமைதான் மிச்சம்.

மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில் ஏதோ மணக்கிறது என்று எனக்குப் பட்டது. நகரத்துப் பெரிய பாலத்தைத் தாண்டி மேற்கே போகாத ஆட்கள், கண்ணால் காணாத புது அணியை ஏன் இப்படித் தூக்குகிறார்கள்? பட்டியல்களைத் தோண்டினேன். டெனீஸ் என்ற பெண் கோல் நடுவர் மூன்று கிழமையாக ட்ருகனினாவை முதலாம் இடத்தில் போட்டிருந்தார். பிடித்துவிட்டேன் என்று நினைத்து, ஒரு முழுப் பக்கம் எழுதிக் கிளெனிடம் கொண்டுபோனேன்.

கிளென் வாசித்தார். டெனீஸின் தாள்களைத் திருப்பிப் பின்பக்கங்களைப் பார்த்தார். "ட்ருகனினாவின் எட்டு மட்சில் ஐந்துக்கு இவர்தான் கோல் கம்பத்தடியில் நின்றிருக்கிறார்" என்றார். பிறகு அப்பிளை எடுத்தார். "நீங்கள் எந்த மட்ச் பார்த்தீர்கள்?"

பத்தொன்பது வருடத்தில் ஒரு மட்சும் நான் பார்த்ததில்லை. பார்த்தால் ஒரு பக்கம் மனம் சாய்ந்துவிடும், ஆகவே பார்க்கக்கூடாது என்பது என் கொள்கை. அதை அவரிடம் சொன்னேன். அவர் அப்பிளில் ஒரு துண்டை வெட்டி என்னிடம் நீட்டினார். "சனிக்கிழமை போய்ப் பாருங்கள்" என்றார்.

அடுத்த நாள் வசந்தன் எனக்குப் போன் எடுத்துக் கதைத்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. பிள்ளையள் ஆறு மட்ச் வெண்டவை. பிறகேன் இன்னும் அஞ்சாமிடத்திலை நிக்கினம்?"

"தம்பி, இது நான் கதைக்கக்கூடாத விஷயம்."

"நான் சிபாரிசு கேக்கேல்லை அண்ணை. நாலுக்குள்ளை வராட்டி அடுத்த வருசம் பொம்பிளைப் பிள்ளையளின்ரை ரீம் இல்லை எண்டு கொலிஜ் சொல்லிப்போட்டுது. கிரவுண்டுக்கும் பஸ்ஸுக்கும் சிலவழிக்க ஏலாதாம். ஆரணி ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. எப்பிடிக் கணக்குப் பாக்கிறியள் எண்டு மட்டும் தெரிஞ்சால் அவளுக்குச் சொல்லுவன்."

"கணக்கு எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிபாரிசு கேட்கவில்லை என்று சொல்லித்தான் எல்லோரும் சிபாரிசு கேட்பார்கள் என்று பத்மாவிடம் சொன்னேன். அவள், "உங்களுக்கு மனிசரிலை ஒரு நாளும் நம்பிக்கை வராது" என்றாள்.

சனிக்கிழமை, கிழக்கே நாங்கள் குடியிருக்கிற ரோவிலிலிருந்து நகரத்தின் மறுகரைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓட்டினேன். மைதானத்துக்கு மூன்று பக்கமும் களஞ்சியச் சுவர், நாலாம் பக்கத்தால் காற்று. காது விறைத்துவிட்டது. எதிரணி போன வருடச் சம்பியன், கிழக்குப் பக்கத்துப் பழைய கல்லூரி. ஃபுட்டியில் எனக்கு இலக்கங்கள் மட்டும்தான் தெரியும். ஆனால் ஓட்டம் என்றால் என்ன, ஒருத்தி விழுந்தால் மற்றவள் எங்கே வந்து நிற்கிறாள் என்பதைப் பார்க்கப் படிப்பு வேண்டாமே. ஆரணி உருவத்தில் சின்னவள். பந்து கையில் இல்லாத நேரத்திலும் கத்திக்கொண்டே இருந்தாள், யார் எங்கே போக வேண்டும் என்று. கடைசிக் கால் பகுதியில் சம்பியன்களால் மைதானத்தின் பாதியைத் தாண்டவே முடியவில்லை. ட்ருகனினா ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்றது. டெனீஸ் கோலுக்கு அடையாளமாக வெள்ளைக் கொடிகளை ஆட்டிவிட்டு, கம்பத்தடியில் கையைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டு நின்றார். அவரைப் பற்றி நான் எழுதின அந்தப் பக்கம் ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஞாயிறு மத்தியானம் வீட்டிலிருந்தே முடிவுகளைக் கணினியில் ஏற்றினேன். ட்ருகனினா ஏழிலிருந்து ஆறுக்கு வந்தது. அவ்வளவுதான்.

சம்பியனை ஐந்து கோலால் வென்ற அணிக்கு ஒரே ஒரு படியா? முதல் முறையாக என் சந்தேகம் கணினிப் பக்கம் திரும்பியது. நிரலைத் திறந்து மேலிருந்து வரி வரியாக வாசிக்கத் தொடங்கினேன். பத்மா வைத்த சோறு ஆறிப்போனது. நானூறாவது வரிக்குக் கிட்ட, என் கையால் எழுதின குறிப்பு ஒன்று இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில், சுத்த யாழ்ப்பாணத் தமிழில்.

"புது ஆக்கள் கடைசியிலை நிக்கட்டும்."

விளக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு அணியும் பருவத்தைத் தொடங்கும்போது, போன வருடம் எடுத்த புள்ளியில் ஒரு பங்கைக் கையில் கொண்டு வரும். புது அணிக்குப் போன வருடம் என்று ஒன்று இல்லை. அதற்கு எதைக் கொடுப்பது? பத்தொன்பது வருடத்துக்கு முந்தி ஏதோ ஒரு பின்னேரம் எனக்கு அந்தக் கேள்வி வந்திருக்கிறது. ஐந்து நிமிடமும் யோசிக்காமல், போன வருடம் கடைசியாக வந்த அணியின் புள்ளியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். அந்தத் தொடக்கப் புள்ளி ஒன்பது மட்சிலும் கரையவில்லை. ட்ருகனினா எத்தனை பேரை வென்றாலும் காலில் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டுதான் ஓடியது. அவர்கள் விளையாடின விளையாட்டைப் பார்க்காமல், எங்கிருந்து வந்தவர்கள் என்று பார்த்து நான் குறைத்திருக்கிறேன்.

இப்படி ஒரு சூத்திரத்தைத்தான் நாற்பத்தைந்து வருடமாகக் காண்கிறவரிடமெல்லாம் திட்டித் திரிகிறேன். அதை இந்த நாட்டில் என் கையாலேயே எழுதி, யாருக்கும் விளங்காத மாதிரி பூட்டும் போட்டு வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் எழுதியிருந்தால் எந்த வருடமாவது யாராவது, "இது ஏன் இப்படி?" என்று கேட்டிருப்பார்கள்.

பழைய வருடங்களையும் திறந்து பார்த்தேன். அதற்கு முந்தி இரண்டு புது அணிகள் வந்திருந்தன, இரண்டும் ஆண்கள் பிரிவில். இரண்டும் இரண்டு வருடத்துக்குள் கலைந்துவிட்டன. ஒன்று உண்மையில் பலவீனமான அணி. மற்றது, அந்த வரி இல்லாவிட்டால் தன் முதல் வருடமே நாலாம் இடத்துக்கு வந்திருக்கும். அந்தப் பையன்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

பத்மாவிடம் சொன்னேன். அவள் குனிந்து அந்தக் குறிப்பை வாசித்தாள்.

"இது வேறை ஆருக்கும் விளங்குமோ?"

"இல்லை."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

உண்மையைச் சொல்கிறேன், பேசாமல் இருக்கத்தான் மனம் சொன்னது. நான் இப்போது வாயைத் திறந்தால் என்ன கதை வரும்? தமிழன், தமிழ்ப் பிள்ளையின் அணிக்காகக் கடைசி நேரத்தில் கணக்கை மாற்றுகிறான். தகப்பன் போன் எடுத்ததற்கும் அத்தாட்சி இருக்கிறது. வேறொருவன் இப்படி ஒரு கதையோடு வந்திருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன். ஆகவே ஞாயிறு முழுக்க ஒன்றைத்தான் வேண்டினேன்: வாக்குகளே இந்தப் பிள்ளைகளை நாலுக்குள் தூக்கிவிடட்டும், நான் பேசத் தேவையில்லாமல் போகட்டும். பத்தொன்பது வருடம் நம்பாத பன்னிரண்டு பேரை அன்று தெய்வம் மாதிரி நம்பினேன்.

திங்கள் காலை கிளென் அடிமட்டத்தை வைத்து வாசித்தார். வாக்குகளில் ட்ருகனினா இரண்டாம் இடம். கணினியோடு கூட்டினோம். ஐந்தாம் இடம், நாலாம் இடத்துக்கு நூலிழை குறைவு.

நான் அந்த வரியை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்து, குறிப்பை இங்கிலீஷில் சொல்லி, வசந்தன் போன் எடுத்ததையும் சொன்னேன். வரியை எடுத்துவிட்டால் ட்ருகனினா நாலாம் இடம் என்றேன். கிளென் என்னைப் பார்க்காமல் தாளையே பார்த்தார்.

"விதி என்ன சொல்கிறது?"

"முதல் மட்சுக்குப் பிறகு ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது."

"அது யார் எழுதிய விதி?"

"நான்."

அன்று அவர் அப்பிளை எடுக்கவில்லை. "மாற்ற முடியாது" என்றார். "நாலாம் இடத்தில் இருக்கும் பிள்ளைகளும் இந்த விதியை நம்பித்தான் விளையாடினார்கள். ஆனால் பிழையை மறைக்க வேண்டும் என்று விதி இல்லை."

வரிசைப் பட்டியலின் கீழே ஒரு குறிப்புப் போட்டோம். சூத்திரத்தில் புது அணிகளுக்குப் பாதகமான பிழை ஒன்று இருந்தது, அது இல்லாவிட்டால் ட்ருகனினா நாலாம் இடம், பிழை நிரலை எழுதியவருடையது. கீழே என் கையெழுத்து. கிளென் தன் கையெழுத்தையும் போட வந்தார், நான் விடவில்லை. அந்தக் குறிப்போடு கிளென் ட்ருகனினாக் கல்லூரிக்கு ஒரு கடிதமும் எழுதினார், அணியைக் கலைக்க வேண்டாம் என்று. நன்றி, ஆனால் நிபந்தனை இறுதிச் சுற்று என்பதுதான், என்று இரண்டு வரிப் பதில் வந்தது. அணியைக் கலைத்தார்கள்.

வசந்தனுக்கு நானே போன் எடுத்தேன். கணக்கை முழுதாகச் சொன்னேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன்.

"அண்ணை, தரப்படுத்தலாலை உங்களுக்கு எஞ்சினியரிங் கிடைக்கேல்லை எண்டு கோயிலிலை சொன்னனீங்கள் அல்லோ?"

"ஓம்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணுமே."

போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கோயிலில் கண்டால் தலையை ஆட்டுவார், கதைக்கமாட்டார். நானும் அந்தத் தரப்படுத்தல் கதையை யாருக்கும் சொல்வதில்லை. பத்மா இரண்டு மாதம் கழித்துத்தான் அதைக் கவனித்தாள்.

அடுத்த பருவத்துக்கு முன் அந்த வரியை எடுத்தேன். புது அணிக்கு நடு இடத்துப் புள்ளி, நாலு மட்சுக்குப் பிறகு அதுவும் கரைந்துவிடும். தமிழ்க் குறிப்புகள் எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றி எழுதினேன், இரண்டு கிழமை பிடித்தது. கிளென் அவற்றை அச்செடுத்து, அடிமட்டத்தை வரிக்கு வரி வைத்து வாசித்து, விளங்காத இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். அறுபதுக்கு மேல் கேள்விக்குறி. ஆனால் நான் ஓய்வுபெறும்வரை ஒரு புது அணியும் வரவில்லை. கிளென் எனக்கு முந்தியே போய்விட்டார், இப்போது மகளோடு சிட்னியில்.

இதையெல்லாம் மீண்டும் கிளறுவதற்குக் காரணம் ஷர்மிளா மட்டுமல்ல. அவள் அழைத்த மறுநாள் இன்னொரு போன் வந்தது. ஆரணி. இப்போது உடற்பயிற்சி ஆசிரியை, அதே ட்ருகனினாக் கல்லூரியில். நிர்வாகம் மாறியிருக்கிறது, பெண்கள் அணியை மீண்டும் தொடங்குகிறார்களாம், அவள்தான் பயிற்சியாளர். என் இலக்கத்தைத் தகப்பனிடம் வாங்கினாளாம். வசந்தன் கொடுத்தாரா என்று நான் ஆச்சரியப்பட்டேன். சுகம் கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அங்கிள், வீ ஆர் எ நியூ ரீம் எகெய்ன். வேர் டூ வீ ஸ்டார்ட்?"

புது அணிக்கு எந்த இடம் என்று எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஷர்மிளாவை அழைத்தேன். புது நிரலில் புது அணிக்கு என்ன தொடக்கப் புள்ளி?

"தெரியல அங்கிள். நானும் கேட்டேன். அது அவங்க தொழில் ரகசியமாம், சொல்ல மாட்டேங்கிறாங்க. ரிசல்ட் மட்டும்தான் நமக்கு வரும்."

"நிரலைத் திறந்து பார்க்க ஏலாதோ?"

"பூட்டியிருக்கு அங்கிள்."

முன்பு என் வரி பிழையாக இருந்தபோது, மறுபக்கத்தில் பன்னிரண்டு மனிதர் இருந்தார்கள். காற்றிலும் குளிரிலும் கம்பத்தடியில் நின்ற ஒருத்தி, இந்த அணி நல்ல அணி என்று மூன்று கிழமை எழுதினாள். மூன்றுக்கும் ஏழுக்கும் இடையிலிருந்த அந்த இடைவெளியால்தான் நான் நிரலைத் திறந்தேன். இனி அந்த இடைவெளியே இராது. கணினி ஏழு என்றால் ஏழு. பூட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நானும் ஒரு பூட்டுப் போட்டிருந்தவன்தான். அது நேர்மைக்காக என்றுதான் நானும் நம்பினேன்.

ஆகவே ஷர்மிளா, இதைக் குழுவிடம் அப்படியே கொடு. இது நீளம், ஜாலியாக இல்லை, சாவனியருக்குப் பொருந்தாது என்று சொல்வார்கள். பரவாயில்லை. எனக்கென்று ஒதுக்கின அரைப் பக்கத்தில் என் பெயரைப் போட்டு, ஆரணி கேட்ட கேள்வியை மட்டும் அச்சிடச் சொல்: புது அணி எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது? மிச்ச இடத்தை வெறுமையாக விடுங்கள். பதில் தெரிந்தவர்கள் அதில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.